கைக்குப் பொய் சொன்ன கதை

இளம் எஞ்சினியர்களான நீங்கள் படிப்பதற்காக, என் வெற்றிகளைப் பற்றி நாலைந்து பக்கம் எழுதித் தரும்படி நந்தினி கேட்டாள். இப்போது அவள் உங்கள் குழுவின் தலைவி. ஒரு காலத்தில் என் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண். உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கத்திலேயே வெற்றிகள் தீர்ந்துபோயின. அதிலும் இரண்டு வரியை என் மனைவி பேனாவால் அடித்துவிட்டு, "இது நீங்க செஞ்சதில்லீங்க, அந்தப் புள்ள செஞ்சது" என்றாள். ஆகவே என்னிடம் தாராளமாக இருக்கும் சரக்குக்கே வருகிறேன். தவறுகள். அவற்றில் ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். நீங்கள் புதுத் தவறுகளைச் செய்யலாம். இதையே மறுபடி செய்ய வேண்டாம்.

தொடுவுணர்வு இணையம் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. குரலை அனுப்பினோம், படத்தை அனுப்பினோம், இப்போது தொடுதலை அனுப்புகிறோம். இங்கே ஒருவர் கைப்பிடியைப் பிடித்து அசைத்தால், தொண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு இயந்திரக் கை அதே போல அசையும். அந்தக் கை எதன் மேலாவது முட்டினால், முட்டிய அழுத்தம் இங்கே இருப்பவரின் உள்ளங்கையில் தெரியும். இது நடக்க வேண்டுமென்றால் போவதும் வருவதும் கண்ணிமைப்பதை விட வேகமாக முடிய வேண்டும். நான் வாடிக்கையாளர்களிடம் கொடுத்த வாக்கு பத்து மில்லி செகண்ட், அதாவது ஒரு வினாடியை நூறாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. இந்த வாக்கை அலுவலகத்தில் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது, கேன்டீனில் எனக்கு 'மில்லி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அது பாராட்டு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களைத் தேடி வந்தவர் கந்தசாமி. வெள்ளகோவில் பக்கம் காடு, தோட்டம் என்று இருந்த குடும்பம். அவர் அப்பா காலத்தில் பம்புக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி தொடங்கியிருந்தார்கள். பழைய பவுண்டரி துடியலூரில், புதியது வெள்ளகோவிலில். புதிய இடத்தில் இடமும் இருந்தது, உலையும் இருந்தது, ஆள் மட்டும் இல்லை. வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வரும்போது ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைக் கிரைண்டர் பிடித்துத் தேய்த்து எடுக்க வேண்டும். புழுதி, சத்தம், கை நடுக்கம். அந்த வேலைக்கு யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். கை தேர்ந்த ஆறு பெண்கள் துடியலூரில் இருந்தார்கள். அவர்கள் குடும்பத்தை விட்டுவிட்டு வெள்ளகோவில் போக முடியாது.

"கை இங்க இருக்கட்டுங்க, இரும்பு அங்க இருக்கட்டும். நடுவுல இருக்கறத நீங்க பாத்துக்குங்க" என்றார் கந்தசாமி.

அவரை நம்பவைக்க எங்கள் அலுவலகத்தில் ஒரு செய்முறை காட்டினேன். பக்கத்து அறையில் இயந்திரக் கை. இந்த அறையில் கைப்பிடி. எதைத் தொட்டுக் காட்டலாம் என்று கேட்டேன். வழியில் வாங்கி வந்த இளநீரை நீட்டினார்.

"இது தண்ணியா, வழுக்கையான்னு தட்டிப் பாத்துச் சொல்ல முடியுங்களா?"

தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன். மேதைகள் அப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ மனதில் பதிந்திருந்தது. "வழுக்கைங்க, இளசு" என்றேன். வெட்டினோம். உள்ளே சட்னி அரைக்கிற பதத்தில் முற்றின தேங்காய். கந்தசாமி விழுந்து விழுந்து சிரித்தார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். "பரவாயில்லீங்க, இரும்பு இந்த மாதிரி ஏமாத்தாது" என்று சொல்லி வேலையைக் கொடுத்துவிட்டார். இரும்பு ஏமாற்றவில்லைதான். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

துடியலூரில் ஒரு கண்ணாடி அறை கட்டினோம். நாற்காலி, கைப்பிடி, வெள்ளகோவிலைக் காட்டும் திரை, ஒரு ஸ்பீக்கர், ஒரு சிவப்புப் பொத்தான். வெள்ளகோவிலில் கம்பி வலைக் கூண்டுக்குள் இயந்திரக் கை, அதன் நுனியில் தேய்க்கும் வீல். அந்தக் கை ஒரு தண்டவாளத்தில் அங்குமிங்கும் நகரும் என்பதால் அதற்குக் கம்பி இழுக்க முடியாது. முற்றத்தில் ஒரு கம்பத்தில் ஆன்டெனா வைத்து 5ஜி வழியாகப் பேசவைத்தோம். ஸ்பீக்கருக்கான மைக்கும் சிவப்புப் பொத்தானும் மட்டும் தனியாக, சாதாரணக் கம்பி வழியாக. ஒலி கொஞ்சம் தாமதமாக வரும், ஆனாலும் வரும். பொத்தானைக் கம்பியில்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நந்தினி. பழங்காலத்துப் புத்தி என்று அவளைக் கேலி செய்தது நான். மனைவி அடித்த இரண்டு வரி இதுதான்.

நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர் ஸ்டெல்லா. மதுக்கரைப் பக்கத்து ஊரில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். இவர் கல்யாணமாகித் துடியலூர் வந்து, இருபது வருடமாகக் கிரைண்டர் பிடிக்கிறார். முதல் நாள் கைப்பிடியைப் பிடிக்கும் முன்பு விரல்களை உதறிக்கொண்டே இருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மரத்துப் போச்சுங்க சார். காலையில சோத்துப் போசியத் தூக்குனா விரல் இருக்கறதே தெரியாது. டாக்டர் இந்த வேலைய வுட்டுருன்னாரு. வுட்டுட்டு என்ன செய்யறதுங்க?"

இந்தக் கைப்பிடியில் நடுக்கம் இல்லை. அழுத்தம் வரும், அதிர்வை நாங்கள் வடிகட்டிவிடுவோம். ஒரு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு எழுந்தவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்று அவர் கையைத்தான் பார்த்தார்கள். இது வேலை செய்தால் ஆறு பேரும் புழுதியிலிருந்து வெளியே வருவார்கள். செய்யாவிட்டால் மறுநாளே பழைய கிரைண்டருக்குப் போக வேண்டும். அதை நான் அன்று தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதை மறப்பதற்கு எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

இரண்டாவது வாரம் ஸ்டெல்லா சொன்னார்: "சார், இரும்பு அப்பப்ப மறந்துபோவுதுங்க."

"என்ன மறந்துபோவுது?"

"நா அமுக்கிட்டிருக்கறனுங்களா, அது திருப்பி அமுக்கும். திடீர்னு சித்த நேரம் ஒண்ணுமே இருக்காது. காத்துல கைய வெச்ச மாதிரி. அப்பறம் படார்னு வந்து முட்டும்."

என் திரையைத் திருப்பிக் காட்டினேன். நானே வடிவமைத்த திரை. பச்சைப் பட்டை, நடுவில் பெரிய எழுத்தில் எட்டு. "பாருங்க அம்மணி, பத்து சொன்னோம், எட்டுல வருது. இதுக்கு மேல என்ன வேணும்?"

"சரிங்க சார்" என்றார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்களில் பாதிப் பேர் வெளியூர். எங்கள் ஊர் 'சரிங்க'வுக்குப் பல அர்த்தம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன் என்பது அதில் ஒன்று. உங்களோடு பேசிப் பயனில்லை என்பது இன்னொன்று. நான் இந்த மண்ணிலேயே பிறந்தவன்; எந்தச் 'சரிங்க' எது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பச்சைப் பட்டை பக்கத்தில் இருந்ததால் தெரியவில்லை.

அந்த எட்டு ஒரு சராசரி. மேட்டுப்பாளையம் ரோட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்பார்கள். மூன்று பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வரும், அடுத்த அரை மணி நேரம் ரோடு காலியாகக் கிடக்கும். கணக்குப் போட்டால் பத்து நிமிஷம்தான். நிற்கிறவருக்கு அது கால் வலி. ஸ்டெல்லா கையில் பட்டது அந்தக் காலி ரோடு. நான் காட்டியது பஸ் அட்டவணை.

சராசரி சரியாக இருந்தாலும் இயந்திரக் கை துள்ளுவது வீடியோவில் தெரிந்தது. வெளிநாட்டிலிருந்து பம்பு வாங்குகிறவர்கள் வந்து பார்க்கப்போகிறார்கள், நாள் குறித்தாயிற்று என்று கந்தசாமி சொல்லிவிட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனைதான், உலகத்தில் பலரும் செய்கிறதுதான். தொடுதல் பற்றிய தகவல் வரத் தாமதமானால், போன நொடியில் வந்ததை வைத்து இப்போது எப்படி இருக்கும் என்று இயந்திரமே ஊகித்து, அந்த ஊகத்தைக் கையில் கொடுத்துவிட வேண்டும். கைக்கு இடைவெளியே தெரியாது.

நந்தினி ஒரு கேள்வி கேட்டாள். "சார், எவ்வளவு நேரம் வரைக்கும் ஊகிக்கலாம்னு ஒரு எல்லை வெக்க வேண்டாமா?"

"பாத்துக்கலாம்மா" என்றேன். என் முப்பத்து நாலு வருட வேலையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை இதுவாகத்தான் இருக்கும். இதைச் சொன்ன பிறகு நான் எதையாவது பார்த்துக்கொண்டதாக நினைவில்லை.

இன்னொன்றும் செய்தேன். ஊகித்துக் கொடுத்ததையும் 'வந்து சேர்ந்தது' என்ற கணக்கில் திரை சேர்த்துக்கொண்டது. வேண்டுமென்று செய்யவில்லை, யோசிக்காமல் செய்தேன். விளைவு ஒன்றுதான். பட்டை இன்னும் பச்சையாயிற்று. எட்டு ஆறாயிற்று. நான் அந்த ஆறைப் படம் பிடித்து மேலதிகாரிக்கு அனுப்பினேன்.

ஸ்டெல்லாவிடம் எதுவும் சொல்லவில்லை. "இப்ப எப்படிங்க அம்மணி இருக்குது?" என்று மட்டும் கேட்டேன், பரீட்சையில் முதல் மார்க் வாங்கினவன் அப்பாவிடம் கேட்கிற மாதிரி.

"நல்லா இருக்குதுங்க சார்."

இரண்டு நாள் கழித்து, தயங்கித் தயங்கி, "நெம்ப நல்லா இருக்குதுங்க. அதுதான் ஒரு மாதிரியா இருக்குது. இரும்பு இத்தன நல்லதா இருக்காதுங்களே?" என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்று வரை நான் என்னை மன்னிக்கவில்லை.

செய்முறை நாள் வந்தது. வெள்ளகோவிலில் கந்தசாமியும் வாங்க வந்தவர்களும் வலைக் கூண்டைச் சுற்றி நின்றார்கள். பத்துப் பேருக்குக் குறையாது. கூண்டைப் பார்த்துக்கொள்ள முருகேசன் என்ற ஃபிட்டர். துடியலூர்க் கண்ணாடி அறையில் ஸ்டெல்லாவும் நானும். நந்தினி வேறொரு வேலையாக வெளியூர் போயிருந்தாள். நான்தான் போகச் சொல்லியிருந்தேன், பெயர் எனக்கு மட்டும் வரட்டும் என்று. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையிலேயே கந்தசாமி செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். விருந்தாளிகளுக்கு நிழல் வேண்டுமென்று முற்றத்தில் தகர ஷீட் போட்டு ஜோராகப் பந்தல் போட்டிருந்தார்கள். வாழைமரம், மேசை, தலைவாழை விருந்து. 'அருமையான பந்தல்ங்க' என்று கை கூப்பும் படத்தோடு பதில் போட்டேன். பந்தலுக்குப் பின்னால் என் ஆன்டெனாக் கம்பத்தின் நுனி மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. படத்தில் அதுவும் இருந்தது. பார்க்க வேண்டியவன் வாழைமரத்தைப் பார்த்தேன்.

ஸ்டெல்லா ஆரம்பித்தார். வீல் சுற்றியது, இரும்பைத் தொட்டது. தீப்பொறி பறந்தது. பொறி பறக்கும்போது திரையில் படம் வெள்ளையாகிவிடும். அந்த நேரத்தில் கைதான் கண். முதல் காஸ்டிங், அதாவது வார்ப்பு, அழகாக முடிந்தது. ஸ்பீக்கரில் கைதட்டல் கேட்டது. இரண்டாவதைப் பொருத்தினார்கள். பாதி வந்திருப்பார்.

சட்டென்று கைப்பிடியை விட்டுவிட்டு, சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஏனம்மணி, என்ன செஞ்சுபோட்டீங்க? எல்லாம் பச்சையில இருக்குது பாருங்க!"

"வீல் சத்தம் மாறிப்போச்சுங்க சார்."

"சத்தம் அப்படித்தான் இருக்கும். ஸ்பீக்கர் லைன் பழைய லைன். கையில ஏதாச்சும் மாறுச்சுங்களா?"

"இல்லீங்க." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதாங்க நிறுத்துனேன். சத்தம் மாறுனா கை மாறணும். மாறுல."

செல்போன் அடித்தது. கந்தசாமி. தணிந்த குரல், பக்கத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. "ஏனுங்க, நின்னுபோச்சு? எல்லாரும் பாத்துட்டிருக்காங்க. ஓட்டுங்க."

"ஒரு நிமிஷங்க" என்றேன். ஸ்டெல்லாவைப் பார்த்து, "மறுபடி ஆரம்பிங்க அம்மணி. ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்" என்றேன்.

இருபது வருடம் முதலாளி, மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று எல்லாருக்கும் 'சரிங்க' சொன்னவர். நாற்காலியிலிருந்து எழுந்து ஒதுங்கி நின்றார்.

"நா புடிக்க மாட்டனுங்க. நீங்க வேணா புடிங்க சார்."

பிடித்தேன். அவர் செய்தது தவறு என்று நிரூபிக்கத்தான் பிடித்தேன், வேறு நல்ல நோக்கம் எதுவும் இல்லை. இடது கையால் மறுபடி ஓட்டும் பொத்தானைத் தேடிக்கொண்டே வலது கையால் கைப்பிடியைப் பற்றினேன். உள்ளங்கையில் இரும்பு அமுக்கியது. கெட்டியாக, சீராக, பிசிறில்லாமல். ஆஹா, எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று ஒரு கணம் பெருமைகூட வந்தது.

பிறகுதான் உறைத்தது. சிவப்புப் பொத்தான் அடித்தாயிற்று. தொண்ணூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் அந்தக் கைக்கு மின்சாரமே இல்லை. வீல் நின்றுவிட்டது. அங்கிருந்து எதுவும் வரவில்லை, படமும் அந்த வெள்ளையிலேயே உறைந்து நின்றிருந்தது. என் கையில் மட்டும் இரும்பு அமுக்கிக்கொண்டே இருந்தது. திரையில் பச்சை. ஆறு.

வெள்ளகோவிலில் இருந்த இரும்பு அல்ல அது. நான் செய்த இரும்பு.

ஓட்டும் பொத்தானுக்கு மேலே இருந்த விரலை எடுத்தேன். அது அங்கேயிருந்து வருவதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்று தெரியாது. என் வாழ்நாளில் நான் அளக்காமல் விட்ட ஒரே தாமதம். திரையில் ஊகத்தை ஓட்டும் கட்டத்தை அணைத்தேன். கைப்பிடி செத்த மாதிரித் தொங்கியது.

கந்தசாமி லைனிலேயே இருந்தார். "என்னாச்சுங்க எஞ்சினியர்?"

"ஆளுகள எல்லாம் கூண்டுகிட்ட இருந்து அக்கட்டால தாட்டிவிடுங்க. இப்பவே. வீல் எந்த நிலையில இருக்குதுன்னு எனக்குத் தெரியிலீங்க."

"தெரியிலீங்களா? உங்க கையில தெரியும்னுதானுங்க சொன்னீங்க?"

"சொன்னனுங்க. தெரியில."

பிறகு அவர் குரல் மாறி, பக்கத்தில் இருந்தவர்களிடம் உற்சாகமாக, "வாங்க வாங்க, எல மேல சோறு விழுந்துருச்சு, ஆறிப்போயிரும்" என்று கூப்பிடுவது கேட்டது. இவ்வளவு பெரிய நெருக்கடியை ஒரு வாக்கியத்தில் சமாளித்த மனுஷரை நான் பார்த்ததில்லை. ஒருத்தருக்கும் சந்தேகம் வராமல் எல்லாரும் பந்தலுக்குப் போனார்கள்.

கூடம் காலியானதும் முருகேசன் சாவியைத் திருப்பி, மெயினை அணைத்து, கூண்டுக்குள் போனார். ஸ்பீக்கரில் அவர் மூச்சு கேட்டது. ஸ்டெல்லாவும் நானும் நின்றுகொண்டே இருந்தோம்.

"சார், காஸ்டிங் அத மாட்டியிருந்த புடியிலயே திரும்பிப்போச்சுங்க. வீலு நடுவுல சிக்கிக் கெடக்குது." ஏதோ உரசும் சத்தம். பிறகு டக்கென்று ஒன்று. "அய்யோ. கைய வெச்சதும் வீலு ரெண்டா வந்துருச்சுங்க சார். குறுக்கால விரிசல்."

அந்த வீல் முழு வேகத்தில் சுற்றும்போது உடைந்தால் துண்டுகள் எப்படிப் பறக்கும் என்று ஸ்டெல்லாவுக்குத் தெரியும். பார்த்திருக்கிறார். வலைக் கம்பி அதற்கெல்லாம் பத்தாது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "டீ சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். இந்த மாதிரி நேரத்தில் எனக்கு வாயில் வருவது அவ்வளவுதான்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இனிமேல்தான் கேவலம்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. தகரப் பந்தல் ஆன்டெனாவை மறைத்துவிட்டது. தகவல்கள் கூட்டம் கூட்டமாகத் தாமதமாயின. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அறிக்கை எழுதினேன். 'அறிவிப்பின்றி அமைக்கப்பட்ட உலோகக் கூரையால் ஏற்பட்ட தற்காலிகச் சமிக்ஞைத் தடை.' ஒரு வார்த்தை பொய் இல்லை. என் பெயர் எங்கும் இல்லை. அழகான அறிக்கை, இந்தக் கட்டுரையை விட நன்றாக எழுதியிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து கந்தசாமியின் அலுவலகத்துக்குப் போனபோது பந்தல்காரர் அங்கே நின்றுகொண்டிருந்தார். வயதானவர். "எனக்கென்னங்க தெரியும்? நெழல் வேணும்னாங்க, போட்டன். கம்பம் இருக்குது, மறைக்காதன்னு ஒருத்தரும் சொல்லலீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கந்தசாமி அவரைத் திட்டவில்லை. திட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அது இன்னும் மோசம். ஓரத்தில் ஸ்டெல்லா, ஏதோ கையெழுத்துப் போட வந்தவர், காகிதத்தோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. வாயால் ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"அவர விட்டுருங்க" என்றேன். "பந்தல் மறைச்சா லைன் போகும். லைன் போனா கைப்பிடிக்குத் தெரிஞ்சிருக்கணும், கைப்பிடி நின்னிருக்கணும். நிக்காம பண்ணுனது நான்."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊகம், எல்லை வைக்காதது, திரையில் பச்சை, ஸ்டெல்லா இரண்டு தடவை சொன்னது, நான் சிரித்தது. கந்தசாமி கடைசி வரை கேட்டார்.

"அப்ப," என்றார் நிதானமாக, "ஸ்டெல்லா கைக்கு நீங்க டப்பிங் போட்டிருக்கறீங்க."

என் முப்பத்து நாலு வருட வேலைக்கு இவ்வளவு சுருக்கமான மதிப்பீட்டை எந்த மேலதிகாரியும் எழுதியதில்லை. பந்தல்காரர் அந்தச் சந்தடி சாக்கில் நழுவிப் போய்விட்டார். புத்திசாலி.

பிறகு நான் ஸ்டெல்லா பக்கம் திரும்பி, "என்ன மாத்தணும்னு சொல்லுங்க அம்மணி" என்றேன். மூன்று வாரம் முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவர் முதலாளியைப் பார்த்தார். கந்தசாமி, "சொல்லு கண்ணு" என்றார்.

"தெரியிலைன்னா தெரியிலைன்னு அது சொல்லட்டுங்க. அது போதுங்க. நா நிறுத்திக்குவேன்."

அதைத்தான் செய்தோம். நந்தினி உட்கார்ந்து எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து டீ வாங்கிக் கொடுத்தேன். நூலளவு இடைவெளிக்கு மட்டும் ஊகம். அதற்கு மேல் போனால் கைப்பிடி தளர்ந்துவிடும், அங்கே வீல் இரும்பை விட்டு விலகி நிற்கும். திரையில் சராசரியை எடுத்துவிட்டு, கடந்த ஒரு நிமிஷத்தில் வந்த மிக மோசமான தாமதத்தைப் பெரிய எழுத்தில் போட்டோம். பார்க்க அசிங்கமாக இருந்தது. பல நாள் சிவப்பாகவே இருந்தது. மைக்கை வீலுக்குப் பக்கத்தில் நகர்த்தினோம். ஆறு பேரும் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்து, தங்கள் வாயால் சொன்ன குறையை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைக்க ஒரு நோட்டும் போட்டோம். 'இரும்பு மறந்துபோவுது' என்பதை நான் 'பரிமாற்ற இடைவெளி' என்று மாற்றி எழுதப்போனேன். நந்தினி என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

விருந்து சாப்பிட்டுப் போனவர்கள் அந்தத் தடவை ஆர்டர் எதுவும் கொடுக்கவில்லை. சில மாதம் கழித்து மறுபடி வந்தார்கள். இந்த முறை அவர்களில் இருவர் வெள்ளகோவில் போகாமல் துடியலூர்க் கண்ணாடி அறைக்கே வந்து, ஸ்டெல்லாவுக்குப் பின்னால் நின்றார்கள்.

காஸ்டிங் பாதியில் இருக்கும்போது கைப்பிடி தளர்ந்தது. பொறி நின்றது. திரையில் சிவப்பு. ஸ்டெல்லா கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார்.

வந்தவர்களில் ஒருவர் தமிழ் தெரிந்தவர். "கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். தற்காலிகம், சமிக்ஞை, கட்டமைப்பு என்று நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அதற்குள் ஸ்டெல்லா திரும்பாமலே பதில் சொல்லிவிட்டார்.

"இல்லீங்க. அதுக்கு இப்பத் தெரியில. தெரிஞ்சதும் சொல்லும்."

தமிழ் தெரிந்தவர் அதைத் தன் கூட வந்தவரிடம் அவர் மொழியில் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கூட வந்த பெரியவர் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். காத்திருக்கத் தயார் என்கிற மாதிரி. கண்ணாடிக்கு வெளியே மற்ற ஐந்து பேரும் நின்றிருந்தார்கள். நான் சுவரோரமாக, வாயை மூடிக்கொண்டு நின்றேன். பதினோரு வினாடி.

"வந்துருச்சுங்க" என்றார் ஸ்டெல்லா. வீல் இரும்பைத் தொட்டது.